‘ம்’ என்றால் என்ன ஸார்?

பாட்டி கதை சொன்னால் பேரன் ‘ம்’ கொட்டுவான். அந்த ‘ம்’மின் சுருதி இறங்க இறங்க, பயல் தூங்கப் போகிறான் என்று பாட்டிக்குத் தெரிந்துவிடும். மாமியார் சொல்லுக்கு மருமகள் போடும் ‘ம்’ வேறு. அடகுக்கடையில் தராசைப் பார்த்தபடி சேட் போடும் ‘ம்’ வேறு. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு ‘ம்’ போடுவாரே, அது எல்லாவற்றையும் விட வேறு. நமக்கு அங்கேயே பாதி உயிர் போய்விடும்.

ஒரே ஒரு மெய்யெழுத்து. அதற்குள் இத்தனை சங்கதி! காரணம், அந்த எழுத்தோடு ஒரு குரலும் ஒரு முகமும் சேர்ந்து வருகின்றன.

இப்போது அதே ‘ம்’ செல்போன் திரையில் வந்து உட்காருகிறது. குரல் கிடையாது. முகம் கிடையாது. கல்லூரிப் பெண் ஒருத்தி தன் தோழிக்குப் பத்து வரியில் மனசைக் கொட்டி எழுதுகிறாள். பதில் வருகிறது: ‘ம்’. அவ்வளவுதான். கோபமா? அலட்சியமா? ‘உனக்கு வேற வேலை இல்லையா?’ என்கிறாளா? சாயங்காலம் வரை இவளுக்குச் சாப்பாடு இறங்காது. அந்தத் தோழியோ நிற்க இடமில்லாத டவுன் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டை விரலால் அவ்வளவுதான் தட்ட முடிந்தது என்று நிம்மதியாக இருப்பாள்.

வாத்தியார்கள் இன்னும் மோசம். ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு மாணவனுக்குத் தகவல் அனுப்புவார்கள்: ‘நாளை காலை என்னை வந்து பார்.’ முற்றுப்புள்ளி. பையன் தான் செய்த தப்பு, செய்ய நினைத்த தப்பு, பக்கத்து பெஞ்சுக்காரன் செய்த தப்பு எல்லாவற்றையும் விடிய விடிய நினைத்துப் பார்ப்பான். காலையில் போனால், ‘ஸ்காலர்ஷிப் ஃபாரத்துல ஒரு கையெழுத்து விட்டுப் போச்சுப்பா’ என்பார் அவர்.

‘நாளை வந்து பார், நல்ல விஷயம்தான்’ என்று இரண்டு வார்த்தை சேர்த்திருந்தால் ஒரு வீட்டில் ஒரு ஜீவன் தூங்கியிருக்கும். அந்த இரண்டு வார்த்தையைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

★

‘நான் எழுதினது தெளிவாத்தானே இருக்கு? அவங்களுக்குப் புரியலைன்னா நான் என்ன பண்றது?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன்.

ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி என்ற இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சிக்காரர்களும் அவர்களுடைய சகாக்களும் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்து 2005-ல் வெளியிட்டார்கள். ஒருவர் சில வாக்கியங்களைச் சொல்ல வேண்டும். சில நிஜம், சில கிண்டல். எது நிஜம், எது கிண்டல் என்று இன்னொருவர் கண்டுபிடிக்க வேண்டும். சிலருக்குக் குரல் வழியாக, சிலருக்கு ஈமெயில் வழியாக.

‘எத்தனை சரியாகக் கண்டுபிடிப்பார்கள்?’ என்று அனுப்பியவர்களிடம் முன்கூட்டியே கேட்டார்கள். இரண்டு கோஷ்டியும் ஏறக்குறைய நூற்றுக்கு 78 என்று சொன்னது. நடந்தது என்ன? குரலில் கேட்டவர்கள் 73 வாங்கினார்கள். ஈமெயிலில் படித்தவர்கள் 56!

காசைச் சுண்டிப் போட்டுப் பூவா தலையா என்று பார்த்தாலே 50 வரும் ஸார். அதற்கு மேல் வெறும் ஆறு மார்க். இதில் வேடிக்கை, எழுதினவர்களுக்கு வந்த நம்பிக்கைதான். குரலில் சொன்னவர்களுக்கு இருந்த அதே நம்பிக்கை!

ஏன் இப்படி? எழுதும்போது நம் மண்டைக்குள் நம் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதுவும் சேர்ந்து போய்ச் சேருகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். போவது எழுத்து மட்டும்தான்.

இதே விஷயத்தை 1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆராய்ச்சி மாணவி மேஜையைத் தட்டிக் காட்டினார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளின் தாளத்தை ஒருவர் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள் பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார்கள். தட்டியது 120 பாட்டு. கண்டுபிடித்தது மூன்று! தட்டுகிறவருக்கு உள்ளே ஆர்க்கெஸ்ட்ராவே ஓடுகிறது. கேட்கிறவருக்குக் கதவைத் தட்டுகிற சத்தம்தான். சந்தேகமாக இருந்தால் இன்றைக்கே சாப்பாட்டு மேஜையில் உங்களுக்குப் பிடித்த இளையராஜா பாட்டைத் தட்டிப் பாருங்கள். ‘சட்னி இன்னும் வேணுமா?’ என்றுதான் வீட்டில் கேட்பார்கள்.

★

இந்தச் சங்கடம் கம்ப்யூட்டர் படித்த மகா புத்திசாலிகளுக்கே முதலில் வந்தது. 1982. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். ஆசிரியர்களும் மாணவர்களும் அறிவிப்புகள், அரட்டைகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். கயிறு அறுந்து விழும் லிஃப்டுக்குள் மெழுகுவர்த்தி எப்படி எரியும், ஒரு சொட்டு பாதரசம் என்ன ஆகும் என்றெல்லாம் விளையாட்டாக விவாதம். அதில் ஒருவர் ‘எச்சரிக்கை! பௌதிகப் பரிசோதனையால் லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டது’ என்கிற மாதிரி ஒரு தமாஷ் எழுதினார். சிலர் அதை நிஜம் என்று நம்பிவிட்டார்கள்.

தமாஷ் என்றால் தமாஷ் என்று காட்ட ஓர் அடையாளம் வேண்டும் என்று பேச்சு வந்தது. செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் என்ற ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். ஒரு முக்காற்புள்ளி, ஒரு சின்னக் கோடு, ஒரு அடைப்புக்குறி. தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரிக்கும் முகம். அடைப்புக்குறியைத் திருப்பிப் போட்டால் அழுமூஞ்சி, அதாவது ‘இது தமாஷ் இல்லை’.

பிறகு 1999-ல் ஜப்பானில் என்.டி.டி. டோகோமோ என்ற செல்போன் கம்பெனிக்காக ஷிகேடகா குரிதா என்பவர் 176 குட்டிப் படங்கள் போட்டார். ஒவ்வொன்றும் நீளத்தில் 12 புள்ளி, அகலத்தில் 12 புள்ளி. நம் மார்கழிக் கோலத்தை விடச் சின்னது. அந்த 176-ஐயும் 2016-ல் நியூயார்க்கின் நவீனக் கலை மியூசியம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. இன்றைக்கு இந்த ‘எமோஜி’கள் ஆயிரக்கணக்கில் பெருகி, பூண்டு, பூச்செண்டு எல்லாம் வந்துவிட்டன.

அப்புறம் என்ன, பிரச்னை தீர்ந்ததா?

எங்கே தீர்ந்தது! கண்ணில் நீர் வழியச் சிரிக்கும் முகம் ஒன்று உண்டு. 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் அதையே அந்த வருஷத்தின் ‘வார்த்தை’யாகத் தேர்ந்தெடுத்தார்கள். நம்மூர்ப் பெரியவர்கள் சிலருக்கு அதில் தெரிவது கண்ணீர் மட்டும்தான். பெரியப்பா தவறிவிட்டார் என்று குடும்ப குரூப்பில் செய்தி வந்தால், துக்கம் தாங்காமல் அதில் நாலைந்தை வரிசையாகப் போட்டு விடுகிறார்கள். பேரப் பிள்ளைகள் பதறிப்போய், ‘தாத்தா, அதை அழிங்க!’ என்று போன் போடுகிறார்கள்.

கட்டை விரல் இன்னும் ஆபத்து. 2021-ல் கனடாவின் சஸ்காட்சுவன் மாகாணத்தில் ஒரு விவசாயிக்குத் தானிய வியாபாரக் கம்பெனி ஒன்று 87 டன் ஆளி விதைக்கான ஒப்பந்தத்தைப் படம் பிடித்து அனுப்பி, உறுதி செய்யச் சொல்லிக் கேட்டது. அவர் கட்டை விரல் படத்தைத் தட்டினார். விதை போகவில்லை. விலையோ ஏறிவிட்டது. வழக்கு. ‘கிடைத்தது என்பதற்காகத்தான் விரல் போட்டேன்’ என்றார் விவசாயி. ‘அது சம்மதக் கையெழுத்துக்குச் சமம்’ என்று 2023-ல் நீதிபதி தீர்ப்பளித்தார். நஷ்ட ஈடு 82 ஆயிரம் கனடா டாலருக்கு மேல். 2024 டிசம்பரில் அப்பீலிலும் அதே முடிவுதான். பெருவிரலைக் கொடுத்துச் சங்கடப்பட்டவர்களில் ஏகலைவனுக்கு அடுத்தவர் இவர்!

சரி, படமே வேண்டாம், ஒழுங்காக நிறுத்தற்குறி போட்டு எழுதுவோம் என்கிறீர்களா? அதிலும் வினை இருக்கிறது. நியூயார்க் மாகாணத்தின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம் சின்னச் சின்னப் பதில்களைக் காட்டினார்கள். 2015-ல் வந்த முடிவு இது: செல்போன் தகவலில் ஒரு வார்த்தைப் பதிலுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி இருந்தால், அது மனசார எழுதியதாகத் தோன்றவில்லை. அதே பதிலைக் கையால் எழுதிக் காட்டியபோது புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசமே இல்லை. இலக்கண வாத்தியார் வைக்கச் சொன்ன புள்ளி, செல்போனில் முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது!

★

இந்த இடத்தில் நான் படித்த பி.காம். கொஞ்சம் உதவிக்கு வருகிறது. (வேறு எதற்கும் அவ்வளவாக வந்ததில்லை.)

கணக்குப் பதிவியலில் முதல் பாடமே ஜர்னல். எந்தக் கணக்கில் பற்று, எந்தக் கணக்கில் வரவு, எவ்வளவு தொகை என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு வரி எழுத வேண்டும். நரேஷன் என்பார்கள். ‘இன்னாருக்கு இன்ன சரக்கைக் கடனுக்கு விற்ற வகையில்’ என்று காரணத்தைச் சொல்லும் வரி. தொகையெல்லாம் சரியாக இருந்து அந்த வரி இல்லையென்றால் மார்க்கில் கை வைத்துவிடுவார்கள். ‘அஞ்சாயிரம் போயிருக்கு. சரி, எதுக்குப் போச்சு? ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கிறவனுக்கு யார் சொல்வா?’

ஃபால்மனின் சிரிப்பு முகமும் குரிதாவின் குட்டிப் படங்களும் தொகை மாதிரி. கோபம், ஐந்தாயிரம் ரூபாய். அழுகை, மூவாயிரம். எதற்கு என்கிற வரி இல்லை. மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது அந்த ஒரு வரிதான்.

இன்னொரு பாடமும் உண்டு. வணிகக் கடிதங்கள். அதில் வசூல் கடிதம் என்று ஒரு வகை. பாக்கி வைத்தவருக்கு எழுதுவது. எடுத்த எடுப்பில் ‘காசை எப்போ வெக்கப் போறே?’ என்று எழுதக் கூடாது. முதல் கடிதம்: ‘தங்கள் கவனத்துக்கு வராமல் போயிருக்கலாம்.’ இரண்டாவது: ‘ஏதேனும் சிரமம் இருந்தால் தெரிவிக்கவும்.’ மூன்றாவது: ‘சந்தையில் தங்கள் நல்ல பெயரை மனதில் கொண்டு...’ கடைசியில்தான் வக்கீல் தலையைக் காட்டுவார். நான்கு கடிதத்திலும் மூன்று விஷயம் மட்டும் மாறாமல் இருக்கும். எவ்வளவு பாக்கி, என்றைய தேதியில் இருந்து, இப்போது உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். கோபத்தைப் படிப்படியாக, காரணத்தோடு, எதிராளியின் மரியாதை கெடாமல் எழுதுவதற்கு ஒரு முழுப் பாடமே வைத்திருக்கிறோம். யாருக்காக? பாக்கி வைத்த மளிகைக் கடைக்காக! சிநேகிதன் பிறந்த நாளை மறந்துவிட்டால் எப்படி எழுதுவது என்பதற்குப் பாடம் கிடையாது. அந்த இடத்தில் சிவந்த முகம் ஒன்றைத் தட்டிவிட்டு, ‘பிளாக்’ பண்ணிவிட்டுப் போகிறான் பையன். முதல் கடிதத்திலேயே வக்கீல் நோட்டீஸ்.

பள்ளிக்கூடத்திலும் கடிதம் உண்டுதான். தெருவிளக்கு எரியவில்லை என்று ஆணையருக்கு, நூலகத்துக்குப் புத்தகம் கேட்டு, நண்பனுக்கு ‘நலம், நலமறிய ஆவல்’. நண்பன் பரீட்சையில் தவறிவிட்டான் என்றால் என்ன எழுதுவது? தோழியின் அப்பா இறந்துவிட்டால்? அதெல்லாம் சிலபஸ்ஸில் இல்லை.

முன்பு தந்தி ஆபீஸில் வாழ்த்துகளை நம்பர் போட்டு வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு ஒரு நம்பர், தீபாவளிக்கு ஒரு நம்பர். நீங்கள் நம்பரைச் சொன்னால் போதும், அந்தப் பக்கத்தில் முழு வாக்கியமாக எழுதிக் கொடுப்பார்கள். பி.எஸ்.என்.எல். 2013 ஜூலையில் தந்தியை நிறுத்திவிட்டது. நம்பர் போட்டு உணர்ச்சியை அனுப்பும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. துக்கச் செய்திக்குக் கீழே ஒருவர் ‘ஆர்.ஐ.பி.’ என்று மூன்று எழுத்து போட்டால், அடுத்த முப்பது பேரும் அதையே போடுகிறார்கள். தந்திக்கு வார்த்தைக்கு வார்த்தை காசு, சுருக்கினோம். இப்போது எதற்குச் சுருக்குகிறோம்?

★

‘தமிழ்ல ஃபீலிங்ஸை எழுதினா நாடக வசனம் மாதிரி இருக்கும் ஸார்’ என்று சில இளைஞர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்காக இந்தப் பகுதி.

தொல்காப்பியத்தில் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. மெய் என்றால் உடம்பு. உள்ளே இருப்பது உடம்பில் தெரிவது மெய்ப்பாடு. சிரிப்பு, அழுகை, கோபம், பயம், வியப்பு, பெருமை, மகிழ்ச்சி, இழிவாக உணர்வது என்று மொத்தம் எட்டு. அதோடு விடவில்லை. ஒவ்வொன்றும் எதனால் வருகிறது என்று நான்கு நான்கு காரணம் வைத்தார். சிரிப்பு என்றால் சும்மா சிரிப்பு இல்லை. அடுத்தவரைக் கேலி பண்ணி வருவது ஒன்று, குழந்தைத்தனத்தைப் பார்த்து வருவது ஒன்று. எட்டு நாலு முப்பத்திரண்டு. பார்த்தீர்களா, அவரும் நரேஷன் கேட்டிருக்கிறார்!

செல்போனில் மெய் இல்லை. ஆகவே மெய்ப்பாட்டைச் சொல்லில்தான் கொண்டுவர வேண்டும். அதற்கும் நம் பேச்சுத் தமிழில் பஞ்சமே இல்லை. ஒரு ஆயிரம் ரூபாய் கை மாறுகிறது. அதை எப்படிச் சொல்லலாம்?

‘கொடுத்தேன்.’ இது வெறும் தகவல்.

‘கொடுத்துட்டேன்.’ அப்பாடா, ஒரு வேலை முடிந்தது.

‘கொடுத்து வெச்சேன்.’ பின்னால் உதவும் என்று ஒரு கணக்கு.

‘கொடுத்துத் தொலைச்சேன்.’ எரிச்சல்.

‘கொடுத்து அழுதேன்.’ இஷ்டமே இல்லை, வேறு வழியும் இல்லை.

ஐந்திலும் போனது அதே ஆயிரம்தான். ஜர்னலில் ஐந்துக்கும் ஒரே என்ட்ரிதான். ஆனால் மனசு ஐந்து விதம். ஒரு துணைவினை, முடிந்தது காரியம்! ‘சாப்டியா?’ என்பதற்கும் ‘சாப்டியாம்மா?’ என்பதற்கும் நடுவில் இரண்டே எழுத்துதான் தூரம். அந்த ‘ம்மா’வில் ஒரு கை தலையைத் தடவுகிறது. ஹாஸ்டலில் இருக்கிற பெண்ணுக்கு அது தெரியும். இதையெல்லாம் தினமும் வாயில் வைத்துக்கொண்டே, எழுதும்போது மட்டும் ‘ஓகே’, ‘ம்’ என்று சிக்கனம் பிடிக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளில் நிறையப் பேர் செல்போனில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். அவசரத்துக்கு வசதி, மறுக்கவில்லை. ஆனால் ல, ள, ழ மூன்றுக்கும் பலர் ஒரே ‘எல்’ போடுகிறார்கள். வி, ஏ, எல், ஐ. இது வலியா, வழியா? ‘பல்லு வலி’ என்றால் பிழைத்தோம், வேறு அர்த்தம் வராது. ஆனால் ஒரு பிள்ளை ராத்திரி பதினொரு மணிக்கு ‘எனக்கு ஒரு வலியும் இல்ல’ என்று எழுதினால் நிம்மதியாகத் தூங்கலாம். ‘எனக்கு ஒரு வழியும் இல்ல’ என்று எழுதினால் உடனே ஓட வேண்டும். ஆங்கில எழுத்தில் ‘எல்’ போட்டு அடித்தால் இரண்டும் ஒன்றுதான் ஸார். ஓர் எழுத்துக்கூட மாறாது.

கொஞ்சம் நிறுத்தி அந்த இரண்டு வாக்கியத்தையும் இன்னொரு தரம் படியுங்கள். ழகரத்தைச் சரியாக எழுதச் சொல்வது வெறும் தமிழ்ப் பற்றினால் இல்லை.

★

சரி, எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?

2000-ஆம் ஆண்டு வாக்கில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் என்ற மூன்று ஆசிரியர்கள் இதைப் பற்றி நிறைய யோசித்தார்கள். முகம் பார்க்காமல், எழுத்து மூலமே பாடம் நடத்தும் வகுப்புகள் அப்போது அங்கே வந்துவிட்டன. அந்த வகுப்பு உருப்பட மூன்று வேண்டும் என்றார்கள். படிப்பு நடக்க வேண்டும். ஆசிரியர் இருக்கிறார் என்று தெரிய வேண்டும். மூன்றாவது, அங்கே இருப்பவர்கள் மனுஷர்கள் என்று தெரிய வேண்டும். அந்த மூன்றாவதற்கு அடையாளம் என்ன? உணர்ச்சியைச் சொல்வது, தமாஷ் பண்ணுவது, பேர் சொல்லிக் கூப்பிடுவது, வணக்கம் சொல்வது, அடுத்தவர் எழுதியதைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுவது. 2020-ல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடி, எல்லாரையும் செல்போனுக்குள் உட்கார வைத்தபோது, நம்மில் பல பேர் முதல் இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். ‘மியூட்ல போடு!’ என்பதுதான் அந்த வருஷம் பிள்ளைகள் அதிகம் கேட்ட வாக்கியம்.

வகுப்பில் செய்ய நான்கு பயிற்சி சொல்கிறேன். தமிழ் வாத்தியார், காமர்ஸ் மேடம், டியூஷன் அண்ணா, யார் வேண்டுமானாலும் செய்யலாம். செலவு கிடையாது.

ஒன்று: எழுதிய தகவலை அனுப்புவதற்கு முன்னால், நேர்மாறான குரலில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அன்பாக எழுதினால் கடுப்பாக, தமாஷாக எழுதினால் சீரியஸாக. முதலில் சொன்ன 2005 சோதனைக்காரர்களே இதையும் செய்து பார்த்தார்கள். மாற்றிப் படித்தவர்களுக்கு ‘எல்லாருக்கும் புரிஞ்சிடும்’ என்ற அசட்டு நம்பிக்கை குறைந்தது. ‘நீ வரலைன்னா பரவாயில்லை’ என்பதை வில்லன் குரலில் படித்துப் பார்த்தால் பையனே சிரித்துவிட்டு, ‘உடம்பைப் பார்த்துக்கோ, நோட்ஸ் நான் தர்றேன்’ என்று சேர்த்துவிடுவான்.

இரண்டு: வசூல் கடிதத்தின் மூன்று விஷயம். என்ன நடந்தது, எனக்கு எப்படி இருந்தது, உன்னிடம் என்ன எதிர்பார்க்கிறேன். ‘போடா, நீயெல்லாம் ஃபிரெண்டா?’ என்பதற்குப் பதில், ‘நேத்து எல்லார் முன்னாடியும் என் மார்க்கைச் சொல்லிச் சிரிச்சே. எனக்கு அசிங்கமாயிடுச்சு. இனிமே அதைச் சொல்லாதடா.’ எட்டாம் வகுப்புப் பையனால் எழுத முடியும். நாற்பது வயசுக்காரர்களாலும் முடியும், மனசு வைத்தால்.

மூன்று: ‘சரி’ என்ற ஒரு வார்த்தையைக் கரும்பலகையில் எழுதுங்கள். அதற்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்று ஆளுக்கு ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். நாற்பது பேருக்கு நாற்பது கதை வரும். ‘நம்ம மனசுல தோணறது மட்டும்தான் அர்த்தம் இல்லை போலிருக்கு’ என்று அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். எழுதக் கற்பது பாதி என்றால், தப்பாகப் படிக்காமல் இருக்கக் கற்பது மீதிப் பாதி. சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும்: ‘கோபமா இருக்கியா, வேலையா இருக்கியா?’ ராத்திரி பூரா யோசிப்பதை விட இது சுலபம்.

நான்கு: எப்போது எழுதக் கூடாது என்பது. துக்கம், மன்னிப்பு, பெரிய சண்டை இவை மூன்றுக்கும் போன் பண்ண வேண்டும், முடிந்தால் நேரில் போக வேண்டும். ஆயிரம் எமோஜி இருந்தாலும் தோளில் வைக்கிற கைக்கு மாற்று அதில் இல்லை.

★

‘உணர்ச்சியை எல்லாம் பாடமா நடத்துவாங்களா?’ என்று சிரிக்காதீர்கள். உணர்ச்சிகளைக் கையாள்வது, தெளிவாகப் பேசுவது, அடுத்தவர் நிலைமையைப் புரிந்துகொள்வது எல்லாவற்றையும் வாழ்க்கைத் திறன்கள் என்று பட்டியல் போட்டு, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 1990-களிலேயே கேட்டுக்கொண்டது. டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் நர்ஸரி முதல் எட்டாம் வகுப்பு வரை இதற்காகவே ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ என்று ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் பாதி இப்போது செல்போனில் நடக்கும்போது, அந்தப் பாடம் அங்கேயும் போக வேண்டாமா?

ஏனென்றால் நம் பிள்ளைகளிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது. ‘ஒண்ணுமில்ல.’ தமிழில் இதைவிட நிறைய விஷயம் அடங்கிய வாக்கியம் கிடையாது. நேரில் சொன்னால் முகத்தைப் பார்த்து அம்மா பிடித்துவிடுவாள், ‘இங்க வா, என்ன சொல்லு’ என்று. வெளியூர் ஹாஸ்டலில் இருந்து எழுத்தில் வந்தால் அந்த முகம் இல்லை. ‘ஒண்ணுமில்லையாம்’ என்று அம்மா தூங்கிவிடுகிறாள். அந்தப் பிள்ளைக்கு ‘மனசு சரியில்லம்மா, ரூம்ல யாரும் எங்கூடப் பேசறதில்ல, நாளைக்குப் போன் பண்றியா?’ என்று எழுதத் தெரிந்திருந்தால் போதும். ஒரே வரி. என்ன நடந்தது, எப்படி இருக்கிறது, என்ன வேண்டும். மூன்றும் அதில் இருக்கிறது. வீட்டில் சொல்ல முடியாத விஷயமென்றால் 14416 என்ற எண்ணைச் சொல்லிக்கொடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்த டெலி மானஸ் மனநல உதவி எண் அது. காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம்.

அந்த ஒரு வரியை எழுதப் பிள்ளைக்கு எப்படித் துணிச்சல் வரும்? முதலில் நாம் எழுத வேண்டும். இன்றைக்கே உங்கள் பையனுக்கோ பெண்ணுக்கோ ஒரு தகவல் அனுப்புங்கள். ‘பணம் போட்டாச்சு’ என்று மட்டும் வேண்டாம். கீழே நரேஷன் வேண்டும்: ‘பணம் போட்டாச்சு. நீ இல்லாம வீடு என்னமோ மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழமை பேசலாமா?’

பதிலுக்குக் கட்டை விரல் மட்டும் வரலாம். மனம் தளராதீர்கள். அடுத்த வாரமும் எழுதுங்கள். வசூல் கடிதமே நான்காவது தடவையில்தான் வேலை செய்யும்!